தக்காளி ஏறாத வியாழன்

அஸ்வின்தினியின் தக்காளித் தோட்டம் லிம்போபோ ஆற்றின் தென்கரையில், தென்னாப்பிரிக்கப் பக்கம் இருந்தது; ஆறுதான் எல்லை. மனைவி இறந்து ஆறு வருடம் ஆகிறது. மகள் ஜோஹன்னஸ்பர்க்கில், மாதம் ஒருமுறை போன் செய்வாள். மற்றபடி அவருக்கு வாரத்தில் பேச்சுத்துணை கிடைப்பது வியாழக்கிழமைதான். அன்று அக்கரையிலிருந்து, போட்ஸ்வானாவின் போபோனோங் சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒன்கெமெட்ஸே வந்து நாற்பது பெட்டி தக்காளி ஏற்றிப் போவாள்.

ஐம்பது வயதுக்காரி. வாய் ஓயாது.

"என்ன பெரியவரே, தக்காளியெல்லாம் உங்க மூஞ்சி மாதிரியே சுருங்கிக் கெடக்கு?"

"சுருங்கினதை விட்டுட்டு மத்ததை எடு. அதுக்கு ஏன் மூஞ்சியை இழுக்கிற?"

வண்டி நிறைந்ததும் ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புவாள். நாலு வருடமாக இதுதான் வழக்கம்.

ஜூலையில், காய் பழுக்கிற நேரம் பார்த்து, போட்ஸ்வானா அரசு வெளிநாட்டுத் தக்காளிக்குத் தடை போட்டது. தன் நாட்டு விவசாயி பிழைக்கட்டும் என்று. "இந்த வாரம் வர முடியாது பெரியவரே. அடுத்த வாரமும் தெரியல" என்று ஒன்கெமெட்ஸே போனில் சொன்னாள். அதற்குள் யாரோ விலை கேட்க, வைத்துவிட்டாள்.

எல்லையோரத் தோட்டக்காரர்கள் எல்லோரும் உள்ளூர்ச் சந்தையிலேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள். கிடைத்த விலை பறிப்புக் கூலிக்கே போதவில்லை. பறிக்க வந்த இரண்டு பெண்களையும் அஸ்வின்தினி நிறுத்திவிட்டார். பழங்கள் செடியிலேயே வெடித்தன. அதையும் பொறுத்துக்கொண்டார். மூன்றாவது வியாழனன்று காலை, வியாழன்தோறும் செய்வதுபோல முகம் மழித்து முடித்த பிறகுதான், இது யாருக்காக என்று தோன்றியது. அப்போதுதான் தாங்கவில்லை.

ஒரு பெட்டி நல்ல பழத்தை வண்டியில் வைத்துக்கொண்டு எல்லைக் கேட்டுக்குப் போனார்.

"நீங்க போலாம். தக்காளியை அந்தப் பக்கம் விடமாட்டாங்க" என்றார் அதிகாரி.

"விக்கிறதுக்கு இல்லப்பா. ஒருத்தருக்குக் குடுக்கத்தான்."

"குடுக்கிறதுக்கும் அதே சட்டம்தான் ஐயா."

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு, கேட்டைத் தாண்டி, வறண்டு கிடந்த ஆற்று மணல் பாதையில் வண்டியை இறக்கி அக்கரை ஏறினார்.

போபோனோங் சந்தையில் ஒன்கெமெட்ஸேயின் கடையில் தக்காளி ஒரு சின்னக் குவியல்தான், அதுவும் அரைப்பச்சை. ஒரு பெண் இரண்டே பழம் எடுத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, தங்கத்துலயா செஞ்சீங்க?"

"தங்கமா இருந்தா நான் ஏன்டி இந்த வெயில்ல உக்காந்திருக்கேன்?" என்று திரும்பியவள் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டாள். "நீங்களா! யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. வியாழக்கிழமை ஆச்சே."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டாள். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து உட்காரச் சொன்னாள். ஆனால் ஆள் வந்துகொண்டே இருந்தது, பேச முடியவில்லை. அவர் பைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார்.

எல்லைக் கேட் நாலு மணிக்கு மூடிவிடும். கிளம்பும்போது, வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னார். "தடை இருந்தா என்ன? சும்மா வாயேன். டீ குடிக்கத் தக்காளி எதுக்கு?"

"பெட்ரோல் விக்கிற வெலைக்கு, ஒரு டீக்காக ரெண்டு மணி நேரம் ஓட்டவா?" என்றவள், அவர் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தாள். "கடையை யாரு பாப்பா, பெரியவரே?"

"சும்மாத்தான் சொன்னேன்" என்றார்.

வீடு சேர்ந்தபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்து ஆடுகள் வேலியோரம் நின்றன. வேலிக்கதவைத் திறந்துவிட்டார். அவை தக்காளிச் செடிகளுக்குள் வரிசை வரிசையாகப் புகுந்து மேய்ந்தன. பழங்கள் வாயில் உடைகிற சத்தத்தைக் கேட்டபடி அவர் கதவருகிலேயே நின்றிருந்தார்.