குழி காட்டும் கை

தேவாலய மணி எட்டு அடித்தது. எண்ணத் தவறியவர்களுக்காக, வழக்கம்போல இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் எட்டு அடித்தது. அதற்குப் பிறகும் சதுக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ரொட்டிக் கடை வாசலில் சைக்கிள்கள் சேரும். மழை நாளில்கூட நாலு பேராவது இருப்பார்கள். இன்று கிஸ்லேனும் அவள் கணவன் ரெஜிஸும் மட்டும் நின்றார்கள். ரெஜிஸ் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, ஏற்கெனவே மாட்டியிருந்த கையுறையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

கடைக்காரி பெர்னாதெத் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

“அவங்க ஏழரைக்கே கெளம்பிட்டாங்களே. உங்களுக்குச் சொல்லலையா?”

“சொன்னாங்க, சொன்னாங்க. நாங்கதான் தூங்கிட்டோம்,” என்றான் ரெஜிஸ்.

யாரும் சொல்லவில்லை. கிஸ்லேன் ஹெல்மெட் வாரை இறுக்கிக்கொண்டு பெடலை மிதித்தாள்.

வரிசையில் போகும்போது ஒரு சட்டம் உண்டு. பின்னால் வருபவனுக்கு முன் சக்கரம் மட்டும்தான் தெரியும், சாலை தெரியாது. அதனால் முதலில் போகிறவன் குழியைக் கண்டால் கையைத் தாழ்த்திச் சுட்டுவான். இரண்டாமவன் மூன்றாமவனுக்குச் சுட்டுவான். அப்படியே கடைசி ஆள்வரை போகும். கோபத்தில் இருப்பவனும் சுட்டுவான். நிலத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பிகளும் சுட்டுவார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் சுட்டாமல் போன ஆள் என்று யாரையும் சொல்லிக் கேட்டதில்லை, போன ஞாயிறுவரை.

போன ஞாயிறு ரெஜிஸ் முதலில் போனான். அவன் சக்கரத்தை ஒட்டி அர்மான். அர்மானுக்குப் பின்னால் கிஸ்லேன். பழைய மாவு ஆலையைத் தாண்டியதும் ரெஜிஸின் கை ஹேண்டில்பாரிலேயே இருந்தது. அர்மானின் டயர் குழிக்குள் இறங்கியது. காறை எலும்பு முறிந்தது.

முந்தின நாள் மாலை கஃபேயில் இரண்டு பேருக்கும் சண்டை. அர்மான் மோட்டார் வைத்த சைக்கிள் வாங்கியிருந்தான்.

“இதுக்குப் பேரு சைக்கிளா? பெட்ரோல் பங்குக்கு ஓட்டிட்டுப் போடா,” என்றான் ரெஜிஸ்.

“மேட்டுல என் முதுகைப் பாத்துட்டே வர்றது உனக்கு வயித்தெரிச்சல்.”

“வரிசையில ஒண்ணு அது இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்.”

கஃபே முழுக்கக் கேட்டது. மறுநாள் அர்மான் விழுந்ததும், கேட்டவர்கள் எல்லோரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். ரெஜிஸ் மறுக்கவில்லை. அதுதான் கிஸ்லேனுக்கு உறுத்தியது. சீட்டாட்டத்தில் தோற்றதைக்கூட மூன்று நாள் மறுப்பவன் அவன்.

செலே ஆற்றின் மேல் மூடுபனி இன்னும் கலையவில்லை. இடது பக்கம் ஆறு. வலது பக்கம் சுண்ணாம்புப் பாறை, சாலையின் மேல் குனிந்திருந்தது. கார் ஒன்றும் வரவில்லை. சங்கிலியின் ஓசையும் அக்ரூட் காய்கள் எங்கோ விழும் ஓசையும் மட்டும்தான்.

ஆலை வந்தது. ரெஜிஸ் கையைத் தாழ்த்தி, தேவைக்கு மேலேயே நீட்டிச் சுட்டினான். அர்மான் விழுந்த அதே குழி, அவன் விழுவதற்கு முந்தின நாட்களின் மழையில் புதிதாக உண்டானது. இன்று காட்டினான். கிஸ்லேனுக்குச் சற்று மூச்சு வந்தது. பாலத்தருகே ஒன்றைக் காட்டினான், புகையிலைக் கொட்டகை முன்னால் ஒன்று. இரண்டும் இருந்தன.

கல்லறைத் தோட்ட வளைவிலும் கை இறங்கியது. அவள் பழக்கத்தில் விலகினாள். விலகிக்கொண்டே கீழே பார்த்தாள். குழி இல்லை. கருப்பாக, புதிதாக, வழவழவென்று தார். வியாழக்கிழமை சாலைக்காரர்கள் மூடிவிட்டுப் போனது. அவளே பார்த்தாள், நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டும் வந்தாள்.

அவள் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு மிதித்தாள்.

அடுத்த வளைவில், பாறையிலிருந்து உருண்ட கல் ஒன்று சாலை நடுவில் கிடந்தது. ஒரு ரொட்டி அளவு. ரெஜிஸின் சக்கரம் ஒரு சாண் தள்ளிப் போனது. கை அசையவில்லை. அவள் பிரேக் பிடித்து, ஆற்றுப் பக்கம் ஒதுங்கி, தப்பினாள்.

“ரெஜிஸ், நில்லு.”

அவன் நின்றான்.

“கல்லறை வளைவுல எதைக் காட்டின?”

“குழியை.”

“அங்க குழி இல்ல. தார் போட்டு மூடியாச்சு.”

அவன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தான். “பழக்கம்.”

“சரி. இப்பத் தாண்டி வந்தியே, அந்தக் கல்லு?”

“எந்தக் கல்லு?”

சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. பாட்டில் மூடியை மெதுவாகத் திருகினான்.

“நடுவுல மட்டும்தான்,” என்றான். “ஓரமெல்லாம் நல்லாத் தெரியுது. நேரா எதைப் பாத்தாலும், அந்த இடத்தை யாரோ கட்டைவிரலால தேச்ச மாதிரி இருக்கு.”

“எப்பலேருந்து?”

“செர்ரி பூத்தப்போ.”

செர்ரி பூப்பது ஏப்ரலில். இது அக்டோபர்.

“டாக்டரைப் பாத்தியா?”

“சங்கிலி வாங்கப் போறேன்னு ஃபிஜாக் டவுனுக்குப் போனேனே, அப்போ.”

“சங்கிலி வாங்கிட்டு வந்தியே.”

“அதையும் வாங்கினேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயிற்று.

“வேன்?”

அவன் பாட்டிலை அதன் இடத்தில் செருகினான். மேட்டு ஊர்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இதே ஆற்றோரமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வேனை அவன்தான் ஓட்டுகிறான். ஓய்வு பெற்ற பிறகு பிடித்துக்கொண்ட வேலை. வேறு ஆள் கிடைக்காத வேலை.

“அந்த ரோடு எனக்கு மனப்பாடம், கிஸ்லேன்.”

“ரோடு மனப்பாடம். புள்ளைங்க குறுக்க ஓடறது மனப்பாடமா?”

“கிறிஸ்துமஸ் வரைக்கும்தான். அதுக்குள்ள வேற ஆளு பாத்துக்குவாங்க.”

“ஆளு வேணும்னு யார்கிட்ட சொல்லியிருக்க?”

ஆற்றில் ஏதோ துள்ளி விழுந்தது. இருவரும் திரும்பினார்கள். எங்கே விழுந்தது என்று அவள் பார்த்தாள். அவன் அதற்குச் சற்றுத் தள்ளிப் பார்த்தான்.

“அர்மான்கிட்டயாவது சொல்லு. நீ வேணும்னே காட்டலைன்னு ஊரே பேசுது.”

“பேசட்டும். கோவக்காரன்னா ஒரு மாசம் திட்டுவாங்க. அப்புறம் ஒரு கிளாஸ் ஊத்திக் குடுப்பாங்க. குருடன்னா உக்கார நாற்காலி போட்டுக் குடுப்பாங்க. அந்த நாற்காலிலேருந்து யாரும் எழுந்திரிச்சதில்ல.”

அவள் சைக்கிளைத் தள்ளி அவனுக்கு முன்னால் நிறுத்தினாள். “நான் முன்னால போறேன். என் கையைப் பாத்து வா.”

அவன் வாதாடவில்லை. அவள் சருகைக்கூடச் சுட்டினாள். சுட்டிய ஒவ்வொன்றையும் வாய்விட்டும் சொன்னாள். பின்னால் அவன் சங்கிலி ஒரே சீராக ஓடியது. நாற்பது வருடம் மிதித்த கால்கள், அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

அர்மானின் வீடு சாலையை ஒட்டியே இருந்தது. அவன் முற்றத்தில் நின்று, ஒரு கையால் அக்ரூட்களைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். மற்றக் கை கட்டுப்போட்டுத் தொங்கியது. சுவரோரம் பேத்தியின் சிறிய சைக்கிள் சாய்ந்திருந்தது.

கிஸ்லேன் தலையசைத்துவிட்டுத் தாண்டிப் போயிருப்பாள். அர்மான் வேலி வரைக்கும் வந்துவிட்டான்.

“என்னடா, ரெண்டே பேரு? படையெல்லாம் எங்க?”

“சீக்கிரமே போயிட்டாங்க,” என்றான் ரெஜிஸ்.

“நான் ஒண்ணும் சொல்லிவிடல. அவங்களாத்தான் போனாங்க.” அர்மான் கேட்டைத் திறக்கவில்லை. “உள்ள வந்து உக்காருன்னு சொல்லணும்தான். அதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும்.”

“கேளு.”

“அந்தக் குழியைப் பாத்தியா?”

ரெஜிஸ் அர்மானின் முகத்துக்குச் சற்றுத் தள்ளி, காது இருக்கும் இடத்தைப் பார்த்தான். அவன் எல்லோரையும் அப்படிப் பார்ப்பது ஒரு வாரமாகத்தான் அவள் கண்ணில் பட்டிருந்தது. குற்ற உணர்ச்சி என்று கிஸ்லேன் நினைத்திருந்தாள்.

“பாத்தேன்,” என்றான்.

அர்மான் கையிலிருந்த அக்ரூட்டை வேலித் தூணின் மேல் வைத்தான். அது உருண்டு விழுந்தது. அவன் குனியவில்லை.

“எலும்பு ஒட்டிக்கும்டா. எங்கப்பனும் உங்கப்பனும் வருஷக்கணக்கா மூஞ்சி குடுத்துப் பேசலை. உனக்கே தெரியும். ஆனா வரிசையில கை காட்டினாங்க. செத்துப்போற வரைக்கும் காட்டினாங்க.”

“மன்னிச்சுக்கோ.”

“மன்னிக்கறது இருக்கட்டும். நாளைக்குக் காலையில என் பேத்தி உன் வேன்ல ஏறணும். கோவம் வந்தா ஆளைக் குழியில விடறவன் வேன்ல.”

“புள்ளைங்களுக்கு நான் கெடுதல் நினைப்பேனா? உனக்குத் தெரியாதா?”

“போன ஞாயித்துக்கிழமை வரைக்கும் தெரிஞ்சுது.”

ரெஜிஸின் கை பக்கவாட்டில் நீண்டு, கிஸ்லேனின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. பிடி இறுகியது. அர்மான் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் இருந்த கோபம் மெல்ல வேறொன்றாக மாறிக்கொண்டிருந்தது.

“கிஸ்லேன், அன்னைக்கு நீ என் பின்னாலதான் வந்த. இவனோடதான் ஒரே வீட்டுல இருக்க. நீ சொல்லும்மா. இவன் பாத்தானா?”