இருபத்து மூன்று தப்பு

"தப்பு பண்ணா திட்ட மாட்டீங்களே சார்?" என்று ஜெயபுஷ்பம் கேட்டதும் இன்பசேகரன் சிரித்துவிட்டான்.

"நீங்க தப்பு பண்ணணும்னுதாம்மா வேலூர்லேர்ந்து பஸ் ஏறி வந்திருக்கேன். நீங்க தடுமாறுனா அது புரோகிராம் எழுதுன என் தப்பு. தைரியமா தட்டுங்க."

1987. ஆம்பூரில் அந்த ஷூ கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. தோல் இருப்பைப் பதியும் புரோகிராம் அவன் எழுதியது. அதில் தினமும் வேலை செய்யப்போகிறவள் ஜெயபுஷ்பம். எட்டு வருஷம் பேஸ்டிங் செக்‌ஷனில் ஷூவை ஒட்டும் சொல்யூஷன் தடவி, அந்த நெடியில் இழுப்பு வந்து, டாக்டர் சீட்டைக் காட்டிக் கெஞ்சி ஸ்டோர் ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவள்.

அவள் விரல் எங்கே நிற்கிறது, முகம் எங்கே சுருங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் குறித்தான். அவளுக்கும் பயம் விட்டுப்போயிற்று.

"இன்னா சார் இது? நாப்பது வரி அடிச்சேன். ஒரு பட்டன் தெரியாம பட்டுச்சு, ஒரு வார்த்தை கேக்காம அத்தனையும் அழிச்சிடுச்சே! எங்க மாமியாரே தேவல."

சாயங்காலம் அந்த நோட்டுப் பக்கத்தின் மேலே எழுதினான்: ஜெயபுஷ்பம், 23 தப்பு. மேனேஜர் கிருபானந்தம் நோட்டைக் கேட்டார். கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினான்.

பத்து நாள் கழித்துத் திருத்திய புரோகிராமோடு வந்தால், நாற்காலியில் டோரதி என்று ஒரு புதுப் பெண்.

"நீதானப்பா எழுதிக் குடுத்த, ஒரே நாள்ல இருபத்து மூணுன்னு," என்றார் கிருபானந்தம். "அந்தம்மாவ பேஸ்டிங்குக்கே அனுப்பிட்டேன்."

"சார், அது என் தப்பு சார். புரோகிராமோட தப்பு!"

"பேரு யாருது போட்டிருக்க?"

அவன் புதுப் புரோகிராமை ஏற்றினான். டோரதி மளமளவென்று அடித்தாள். ஒரு தப்பு இல்லை.

"பாத்தியா!" என்றார் கிருபானந்தம்.

தப்பு இருக்காதுதான். விழக்கூடிய குழிகளையெல்லாம் ஜெயபுஷ்பம் விழுந்து காட்டியிருந்தாள், அவன் மூடிவிட்டிருந்தான்.

பேஸ்டிங் செக்‌ஷனில் அவன் தேடிப் போனபோது ஜெயபுஷ்பம் முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தாள். மூச்சு விசில் போலக் கேட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா. உங்க பேரை எழுதியிருக்கவே கூடாது."

அவள் நிமிரவில்லை. "அந்த அழிக்கிற பட்டனை சரி பண்ணிட்டீங்களா சார்?"

"பண்ணிட்டேன். இப்ப கேட்டுட்டுத்தான் அழிக்கும்."

"மிஷினாவது கேக்குதே," என்று அவள் பிரஷ்ஷை சொல்யூஷன் டப்பாவில் முக்கினாள்.