ஈரப் பக்கம்

அன்றும் மகள்தான் அவளுக்குத் தலை வாரிவிட்டாள். வலது கை காதுக்கு மேல் எழும்பாமல் ஒரு வாரமாகிறது. கண்ணாடி முன்னால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்த கணவன் அதைப் பார்த்தான். பார்க்காதவன் போலப் பேனாவைத் தேடினான்.

மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைக்கும் சலவைக்கூடத்தில் அவன் மேற்பார்வையாளன். அவளுக்கும் அங்கேதான் வேலை. யாருக்கு எப்போது எந்த வேலை, எப்போது ஓய்வு என்று பலகையில் கட்டம் போட்டு எழுதுவது அவன்தான். இயந்திரத்திலிருந்து நனைந்த விரிப்புகளை இழுத்து வண்டியில் போடும் ஈரப் பக்கம்தான் ஆளை முறிப்பது. அங்கே நின்றவர்கள் அடுத்து மடிக்கும் மேசைக்குப் போகலாம், பிறகு சற்று நேரம் நாற்காலியில் உட்காரலாம். அவன் கொண்டுவந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். முன்பெல்லாம் உட்காரவே வழியில்லை. அவனைப் போல நியாயமான ஆள் உண்டா என்று எல்லாரும் சொன்னார்கள்.

அவள் ஒருத்திக்கு மட்டும் ஈரப் பக்கத்துக்கு அடுத்தும் ஈரப் பக்கமே வந்தது.

"ஒரு வாரம் மடிக்கிற மேசைல போடுங்களேன்," என்றாள், படியிறங்கும்போது.

"பொண்டாட்டிய உக்கார வெச்சுட்டு எங்கள இழுக்க விடுறான்னு பேசுவாங்க. என் நெலமையையும் கொஞ்சம் யோசி."

கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவனுடைய நியாயம் பொய்யில்லை என்பதுதான் அவளைத் தின்றது. அவன் யாரையும் ஏமாற்றவில்லை. தன்னுடையதிலிருந்து எடுத்துத்தான் ஊருக்குக் கொடுத்தான். அவள் அவனுடையவள்.

"உங்களுக்கென்னக்கா, முதலாளியவே வீட்டுல வெச்சிருக்கீங்க," என்று முதலில் கிண்டல் செய்தவள் கூடவே வேலை பார்க்கும் இஸ்திரிக்காரி. இப்போதெல்லாம் அவள் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மதியத்துக்கு முன்னால், பாதி இழுத்த விரிப்பு கையிலிருந்து நழுவிக் காலைச் சுற்றிக்கொண்டது. குனிந்து எடுக்கப் பார்த்தாள். கை வரவில்லை. அப்போதுதான் ஓய்வுக்கு உட்கார்ந்திருந்த இஸ்திரிக்காரி எழுந்து வந்தாள்.

"போய் உக்காருங்கக்கா. இத நான் பாத்துக்கறேன்."

"வேணாம்மா, அவரு..."

"அவரு கெடக்கட்டும்."

நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. அவள் மூச்சை விடுவதற்குள் கணவன் வந்துவிட்டான்.

"இவங்கள யாரு உக்காரச் சொன்னது?" என்றான், எல்லாருக்கும் கேட்கும்படி.

"நாந்தான் சார். என் ஓய்வத்தான் குடுத்தேன்."

அவன் முகம் தெளிந்தது. பலகைக்குப் போய், ஓய்வுக் கட்டத்தில் இருந்த பெயரை உள்ளங்கையால் அழித்து மனைவியின் பெயரை எழுதினான். ஈரப் பக்கத்தில் இஸ்திரிக்காரியின் பெயர்.

"இன்னைக்கு முழுக்க அவங்க கட்டம் உங்களுக்கு, உங்க கட்டம் அவங்களுக்கு."

"ஒரு அஞ்சு நிமிஷத்துக்குத்தான் சார் சொன்னேன்."

"நடுநடுவுல மாத்துனா கணக்கு ஒதைக்கும். நான் குடுத்தேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க."

இஸ்திரிக்காரி அவள் பக்கம் திரும்பவேயில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு இயந்திரத்தின் வாய்க்குள் குனிந்தாள்.

மகள் கட்டிவிட்ட முடி அவிழ்ந்து கண்ணில் விழுந்தது. ஒதுக்கிவிட உயர்த்திய கை காதருகே போய் நின்றது. எதிரே, நனைந்த விரிப்பு நீர் சொட்டச் சொட்ட முடிவில்லாமல் வெளியே வந்துகொண்டிருந்தது.