சைராவின் கிரீமில் சுறா இல்லை

அன்று மாலை ஆம்பூர் வீட்டு ஹாலில் இருந்தவர்கள் ஐந்து பேர்: வீட்டுப் பெரியவர் ரஷீத் அஹமது, அவர் மருமகள் சைரா, மேல்விஷாரத்திலிருந்து பெண் கேட்டு வந்திருந்த ஷபீ அஹமது, அவர் மனைவி குர்ஷித், ரஷீதின் டேனரியில் முப்பது வருஷமாக மேஸ்திரியாக இருக்கும் ஆதிகேசவன். சைராவின் மகள் சஹர் கதவுக்குப் பின்னால் நின்றாள். பேச்சு அவளைப் பற்றியது என்பதால், அவள் அங்கே இல்லை என்று வைத்துக்கொள்வதே முறை.

சமோசா தீர்ந்தும் யாரும் தேதி பேசவில்லை. ஷபீ தொண்டையைச் செருமினார்.

“தப்பா நெனைக்காதீங்க பாய். உங்க மருமக செல்போன்ல விக்கிற முகக் கிரீம்ல, டேனரில தோல் மெத்துன்னு ஆகப் போடற மீன் எண்ணெய ஊத்துறதா எங்க ஊர்ல பேசிக்கிறாங்க.”

ரஷீத் அஹமதுவின் முதுகு நாற்காலியை விட்டு நாலு விரல் தள்ளி நிமிர்ந்தது. மூன்று தலைமுறையாகத் தோல் பதனிடும் குடும்பம். ஓட்டை விழுந்த தோலை நல்ல தோல் என்று ஒருநாளும் விற்றதில்லை. இந்தப் பேச்சால் சம்பந்தம் முறிந்தால் வீட்டின் பேரும் கூடவே போய்விடும்.

“அது ஸ்குவாலேன்க்கா,” என்றாள் சைரா, குர்ஷித்திடம். “ஆலிவ் எண்ணெய சுத்தம் பண்றப்ப மிஞ்சுறதுலேர்ந்து எடுக்கறாங்க. பிசுபிசுன்னு ஒட்டாது, முகம் காயாம வச்சிக்கும். முன்னல்லாம் சுறா ஈரல்லேர்ந்து எடுப்பாங்க...”

“சுறாவா!” குர்ஷித் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“முன்னக்கா! முன்னன்னுதான் சொன்னேன்!”

“நீ பேசினது போதும்மா,” என்றார் ரஷீத். “ஆதி, இன்னா பண்ணலாம்?”

ஆதிகேசவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சந்தேகப்பட்ட எண்ணெயைத் தோல் துண்டில் தடவிச் சூடு காட்ட வேண்டும். மீனாக இருந்தால் நாற்றம் தெருக்கோடி வரை போகும். கிரீமைத் தடவி, அயர்ன் பாக்ஸை வைத்து எடுத்தார். ஐந்து மூக்குகள் குனிந்தன. கதவுக்குப் பின்னாலிருந்து ஆறாவதும் நீண்டது.

“மீன் இல்ல மொதலாளி. தோலும் நல்லா மெத்துன்னு ஆயிட்ச்சி. கையுறை தைக்கலாம்.”

ரஷீத் ஷபீயின் பக்கம் திரும்பினார். “கேட்டீங்களா? எக்ஸ்போர்ட் தரம்!”

சைரா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“செத்த ஆட்டுக்கு ஒத்துக்கிச்சு, சரி,” என்றாள் குர்ஷித். “உசுரோட இருக்கறவங்களுக்கு?”

அறுபத்தொன்பது வயது வரை பவுடர்கூடப் படாத முகம் அது. ஆனாலும் குடும்ப மானம் கேட்டது; ரஷீத் முகத்தைக் கொடுத்தார். தாடிக்கு மேலே, இடது கன்னத்தில் மட்டும், தோலுக்கு எண்ணெய் ஏற்றுவதுபோல உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். வலது கன்னத்தைத் தொடவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கத் தடவாத துண்டு ஒன்று இல்லாமல் டேனரியில் எந்தச் சோதனையும் நடக்காது.

கால் மணி நேரம் கழித்துக் குர்ஷித் எழுந்து வந்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு கணவரைப் பார்த்தாள்.

“இந்தப் பக்கம் உங்கள விட சின்னவரா தெரியறாரு.”

“அந்தப் பக்கம்?”

“உங்க அத்தா மாதிரி.” சைராவிடம் திரும்பினாள். “ரெண்டு டப்பா எடுத்து வைம்மா. தேதியும் பேசிடலாம்.”

கதவுக்குப் பின்னால் இல்லாதவளின் வளையல்கள் குலுங்கின.

ரஷீத் அஹமது அன்றிலிருந்து தினமும் கிரீம் பூசிக்கொண்டுதான் வெளியே வருகிறார் என்று பைபாஸ் பிரியாணிக் கடைகளில் ஒரு பேச்சு நடமாடுகிறது. அது பொய். வாரத்துக்கு இரண்டு நாள்தான்.