பஷீர் பேர் போட்ட அட்டை

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுக்கு மேல படிப்பு கிடையாது. ராயபுரத்தில் கப்பல் பழைய சாமான் வாங்கி விற்கிற கடை என்னுடையது. எதிரே நிற்கிறவன் திருடன் என்று நினைத்தே வியாபாரம் பண்ணினவன் நான். இப்போது கடையில் ஈ ஓட்டுகிறேன்.

ஒரு நாள் டிராயிங் வாத்தியார் மனோகரன் வந்தார். துணிக்கடை மாடியில் ஓர் அறை எடுத்து, நம்ம பக்கத்து ஆட்கள் வரைந்த படமும் செய்த கைவேலையும் கண்காட்சி வைக்கிறாராம். கல்லா மேல் கிடந்த ஜிமிக்கியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். லேத்துப் பட்டறையில் விழுகிற பித்தளைச் சுருளையும், கப்பல் விளக்கில் உடைந்த சிவப்பு, பச்சைக் கண்ணாடியையும் வைத்துச் செய்தது.

"யார் பண்ணது பாய்?"

பண்ணினது ஜெரினா, என் மருமகள். அந்நிய ஆம்பிளையிடம் வீட்டுப் பொம்பளை பேரைச் சொல்லுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. என் மகன் பஷீர் கப்பல் வேலைக்குப் போய் வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கடுதாசி இல்லை. இந்த நிலையில் அவள் பேர் தெருவில் அடிபட்டால் கண்டவனும் வாசலில் வந்து நிற்பான்.

"என் பையன்தான். பஷீர்" என்றேன்.

நம்பிவிட்டார். பத்து உருப்படி வாங்கிப் போய் மாட்டி, பக்கத்தில் பஷீர் பேரை ஓர் அட்டையில் எழுதிக் குத்தி வைத்தார்.

மூன்றாம் நாளும் மாடி ஏறினேன். எல்லாம் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கத்தான். கடைக்குப் போர்டு எழுதுகிற அய்யாத்துரை தன் துறைமுகப் படத்துக்குக் கீழே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இன்னா மாமு, தினம் வந்து எண்ணுவியா? எவனும் தூக்கிகினு போவல. பித்தளைதானே!"

"நீ கீறியே, அதான் பயம்."

என் சாமானுக்கு முன்னால் மலர்க்கொடி அம்மா நின்றிருந்தாள். பெண்களுக்குக் கைத்தொழில் கற்றுத்தரும் இல்லத்தை நடத்துகிறவள். பக்கத்தில் மனோகரன்.

"இந்த மாதிரிக் கைதான் ஆறு மாசமா தேடுறேன்" என்றாள் அவரிடம். "சொல்லித்தர ஆள் வேணும். ஆனா ஆம்பிளையாப் போயிட்டாரே. எங்க இல்லத்துல ஆம்பிளை கூடாது."

எனக்கு ஆற்காட்டுக் கடுதாசி ஞாபகம் வந்தது. ஜெரினாவின் அண்ணன் அத்தாவுல்லா ஆற்காட்டிலிருந்து எழுதியிருந்தான்: ரம்ஜான் முடிந்ததும் வந்து தங்கச்சியை அழைத்துப் போவேன், எத்தனை நாள் அந்தக் கிழவன் சோறு போடுவான், வேறு இடம் பார்க்க வேண்டியதுதான் என்று. அவள் அதைக் கேட்டு ஒன்றுதான் சொன்னாள். "என் சோத்துக்கு நான் சம்பாரிச்சா என்னை யாரும் கூப்பிட முடியாது மாமா. நான் இங்கியே இருந்து அவரு வர வழியைப் பாத்துக்கினு இருப்பேன்."

"அம்மா, அது என் பையன் பண்ணது இல்ல. என் மருமவ பண்ணது" என்றேன்.

அந்த அம்மா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வேலைன்னதும் மருமக வந்துட்டாளா?"

அய்யாத்துரை சிரித்தான். "ஆளை மாத்துறதுல கில்லாடி மாமு நீ!"

"சரி, அவ பேரு என்ன?"

பக்கத்தில் இரண்டு ஆம்பிளைகள். "மருமவதாம்மா."

"பேர்கூட இல்லாத மருமகளா? அஞ்சு மணி வரைக்கும் இங்கதான் இருப்பேன். வந்து என் கண் முன்னால ஒண்ணு பண்ணட்டும். நாளைக்கு வேற ஆளைப் பாக்கப் போறேன்."

வீட்டுக்கு ஓடினேன். ஜெரினா அம்மியில் தண்ணீர் விட்டுக் கண்ணாடித் துண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"யார் பேரைப் போட்டீங்க?"

"பஷீர் பேரை."

"உங்க புள்ளைக்கு ஊசியில நூல் கோக்க வராதே மாமா" என்று சிரித்தாள். பாதியிலேயே சிரிப்பு நின்றது. குறடைத் துணியில் சுற்றிக்கொண்டு புர்காவைப் போட்டாள்.

மாடியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். புர்காவுக்கு வெளியே இரண்டு கை மட்டும்தான். சுருளை நீட்டினாள், வளைத்தாள், பச்சைக் கண்ணாடியைக் கம்பியால் கட்டினாள், கொக்கி போட்டாள். அய்யாத்துரை பீடியை அணைத்துவிட்டான். மலர்க்கொடி அம்மா அவள் விரலைத் தூக்கிப் பார்த்தாள். எல்லாம் கண்ணாடிக் கீறல்.

"உன் பேரு என்னம்மா?"

ஜெரினா என் பக்கம் திரும்பினாள்.

"ஜெரினா" என்றேன். சத்தமாகத்தான் வந்தது. அய்யாத்துரை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"திங்கட்கிழமை வந்துடு ஜெரினா."

மனோகரனுக்குச் சந்தோஷம். "அட்டையை மாத்திடுறேன்" என்று சிவப்புப் பென்சிலை எடுத்துப் பஷீர் பேரின் மேல் கோடு இழுக்கப் போனார்.

"அடிக்காதீங்க!"

வெளி ஆம்பிளையிடம் அவள் பேசி நான் கேட்டதில்லை. "கடல்ல கீறவரு பேரு சார். சிவப்புல அடிக்காதீங்க."

செத்தவன் பேரைத்தான் அப்படி அடிப்பார்கள். வாத்தியார் பென்சிலைக் கீழே வைத்தார். அவள் எழுந்து குண்டூசியைப் பிடுங்கி, அட்டையை எடுத்துப் புர்காவுக்குள் வைத்துக்கொண்டாள். படியிறங்கும்போது என் பக்கம் திரும்பவே இல்லை.

பெருநாள் கழிந்து அத்தாவுல்லா வந்தான். தங்கச்சி வேலைக்குப் போயிருந்தாள். டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

அட்டை மாடத்தில் நிற்கிறது. தினம் வேலை விட்டு வந்ததும் முந்தானையால் அதைத் துடைக்கிறாள். தபால் வந்ததா என்று இப்போது கேட்பதில்லை. நான் அவள் துடைத்து முடிக்கிற வரைக்கும் வீட்டுக்குள் போகாமல் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.