காவிரியைத் தாண்டாத விமானம்

தங்கையன் ஓட்டிய விமானம் காவிரியைத் தாண்டுவதாக இல்லை. திருச்சி ஓடுபாதையில் ஜோராக ஓடும், ஜோராக எழும்பும், மலைக்கோட்டைப் பக்கமாய் வடக்கே போகும். ஆற்றுக்கு மேலே வந்ததும் அப்படியே அந்தரத்தில் நின்றுவிடும்.

எல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி இருசம்மாள் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மகள் அறிவுமதி சிங்கப்பூரில் நிறைமாதமாக இருந்தாள். தலைப்பிரசவம். பெற்றவள்தான் கூட இருந்து பார்க்க வேண்டும். டிக்கெட்டும் போட்டாயிற்று. ஆனால் பொன்மலைப்பட்டி வீட்டுக்கு மேலே தினமும் ஓலமிட்டுக்கொண்டு போகிற அந்தச் சாமானுக்குள் ஏறவே மாட்டேன் என்று இருசம்மாள் ஒற்றைக்காலில் நின்றாள். மாப்பிள்ளை சிவசங்கர் கோபப்படவில்லை. அத்தைக்கு முடியாவிட்டால் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட்டால் தன் அம்மாவை வரவழைத்துக்கொள்வதாகச் சொன்னார். அதுதான் இருசம்மாளைத் தூங்கவிடவில்லை. சம்பந்தியம்மா வைக்கும் ரசத்தை அவள் ஒருமுறை குடித்திருக்கிறாள். அதையா தன் மகளுக்குப் பத்தியமாக ஊற்றுவது? ஏறவும் பயம், விட்டுக்கொடுக்கவும் மனமில்லை.

தங்கையன் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் டீசல் இன்ஜின்களைப் பிரித்துப் பூட்டி ஓய்வு பெற்றவர். பயத்தையும் அப்படிப் பிரித்துக் காட்டினால் போய்விடும் என்பது அவர் எண்ணம். மகள் காலேஜில் படித்தபோது வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர் ஒன்றை ஏற்றினார். பஸ் மாதிரிதான், பாரு என்று மனைவியை உட்காரவைத்துக் கிளப்பினார். பார்த்த லட்சணம்தான் மேலே சொன்னது.

"ஏங்க, நின்னுபோச்சு."

"நிக்கிறது கம்ப்யூட்டர்தான். ப்ளேன் நிக்காது."

"நெஜ ப்ளேன்லயும் எல்லாத்தையும் கம்ப்யூட்டரே பாத்துக்கும்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?"

தங்கையன் பேச்சை மாற்றிக் காப்பி கேட்டார்.

காவிரித் தண்ணீரை வரைந்து மாளாமல்தான் கம்ப்யூட்டர் திணறுகிறது என்று அவர் முடிவு கட்டினார். தண்ணீரின் மினுமினுப்பை எடுத்தார். விமானம் நின்றது. நிழல்களை எடுத்தார், மேகங்களை எடுத்தார், கரையோரத்து மரங்களை எல்லாம் வேரோடு எடுத்தார், கடைசியில் வீடுகளையும் விடவில்லை. சனிக்கிழமை காலை மறுபடி மனைவியை அழைத்துக் காட்டியபோது கீழே மொட்டைத் தரைதான் ஓடியது. ஸ்ரீரங்கத்துக் கோபுரம் இருக்க வேண்டிய இடத்தில் தரிசு. மனுஷர் மக்கள் இல்லாத ஊருக்கா என்னை அனுப்பப் பார்க்கிறீர்கள் என்று இருசம்மாள் கேட்டு முடிப்பதற்குள், விமானம் ஆற்றுக்கு மேலே அதே இடத்தில் நின்றது. ரங்கநாதர்தான் தாண்டவிடாமல் மறிக்கிறார், இதைவிட என்ன சகுனம் வேண்டும் என்று அவள் மாப்பிள்ளைக்குப் போன் போட எழுந்தாள்.

சாயங்காலம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தங்கையன் மாடிக்கு ஓடினார். அங்கே குடியிருந்த சுராயா டவுனில் கம்ப்யூட்டர் கடையில் வேலை பார்ப்பவள். அவள் வந்ததும் விமானத்தைத் தெற்கே, புதுக்கோட்டைப் பக்கம் திருப்பச் சொன்னாள். ஆறும் இல்லாத, கோயிலும் இல்லாத பொட்டலுக்கு மேலே, கிளம்பி அதே அளவு நேரம் ஆனதும், அது அதே மாதிரி நின்றது. சுராயா கம்ப்யூட்டர் பெட்டியின் மேல் கையை வைத்து, வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

"அங்கிள், இதுமேல தோசை ஊத்தலாம். சூடு ஏறுனா அதுவா வேகத்தைக் குறைச்சுக்கும். இதுக்குக் காத்து போற வழி எங்க இருக்கு?"

கரண்டை நிறுத்திப் பெட்டியைத் திருப்பினாள். முதுகுப்பக்கம் ஒரு துளைகூடக் கண்ணில் படவில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஆயுதபூஜை என்றால் கிரேனுக்கும் லேத்துக்கும் சந்தனம் அப்பிப் பழகிய கை தங்கையனுடையது. ஓய்வு பெற்ற பிறகு பூஜை போட அந்தக் கைக்கு வீட்டில் கிடைத்த ஒரே மெஷின் இதுதான். வருஷா வருஷம் குறை வைக்காமல் குழைத்துப் பூசியதில் சந்தனம் சுவர் மாதிரி இறுகிக் கிடந்தது. மூடியைக் கழற்றினால், உள்ளே விசிறியில் சாமந்தி இதழ்கள் சுருண்டிருந்தன.

சுராயா சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இருசம்மாள் மறைக்கவில்லை.

"இன்ஜினுக்கு மூச்சுவிட வழி வேணும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த மனுஷன், இதுக்கு மூக்கை அடைச்சு வச்சிருக்கீங்களே."

தங்கையன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு குனிந்தவர் நிமிரவே இல்லை. சுரண்டி, ஊதி, துடைத்து முடித்தார். சுராயா விசிறிக்கு அடியில் சூட்டை இழுக்கும் பசையைப் புதிதாக வைத்தாள். இதையும் பூசத்தானே செய்கிறாய் என்று அவர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். பூச வேண்டிய இடத்தில் மட்டும் பூச வேண்டும் அங்கிள் என்றாள் அவள்.

விமானம் காவிரியைத் தாண்டியது. கொள்ளிடத்தையும் தாண்டியது. எடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப வைக்கலாம், ஆனால் பழைய கம்ப்யூட்டர் என்பதால் எல்லாவற்றையும் சுமக்காது, எது வேண்டும் என்று சுராயா கேட்டாள். தங்கையன் வாயைத் திறப்பதற்குள் இருசம்மாள் பதில் சொன்னாள். மேகம் வேண்டாம், நிழல் வேண்டாம். கோபுரமும் வீடுகளும் வேண்டும், கூடவே கொஞ்சம் தென்னைமரம்.

அவை முளைத்ததும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கணவரை நகரச் சொன்னாள். முதல் தடவை விமானத்தை முசிறி வாழைத்தோப்பில் செருகினாள். திரை சிவந்தது, அவள் அலறினாள். அடுத்த நிமிஷம் விமானம் கீறல்கூட இல்லாமல் ஓடுபாதையில் நின்றது. பிறகு ஆற்றில் இறக்கினாள். பிறகு விமான நிலையத்தின் கூரைமேலேயே இறக்கினாள். தங்கையன் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொத்தான் இல்லை, இந்தப் பொத்தான் என்று துடித்தார். அவளோ கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரம், தானே போனை எடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"உங்க அம்மாவை அலைய வைக்காதீங்க மாப்பிள்ளை, நானே வரேன். ஓட்டப்போறது நான் இல்லல்ல. அதுவே போதும்."

சிங்கப்பூரில் சிவசங்கருக்கு ஒன்றும் புரியவில்லை. சரிங்க அத்தை என்று மட்டும் சொல்லி வைத்தார்.