ஒரு சாண் உயரத்து வழி

ஆரையம்பதியில் அன்னப்பூரணியின் தனிவழி, சுனாமிக்கு அடுத்த மாதம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. பெருந்தெருவிலிருந்து வாவிக்கரை வரை போகும், கிறவல் மண் போட்ட வழி அது. வீட்டையும் வேலியையும் அலை கொண்டுபோய்விட்டது. மகள் தனுஷியாவுக்குச் சீதனம் கொடுக்க அவ்வழி ஒன்றுதான் மிச்சம். டவுனிலிருந்து வந்த மதிப்பீட்டாளர் றூபெர்ட் அதை அளந்துவிட்டு, வேறு எவருக்கும் நடக்க உரிமை இல்லாதவரை நல்ல விலை உண்டு, ஒருவருக்கு எழுதிக்கொடுத்தாலும் விலை குறையும் என்றார். அன்றே படலை போட்டுப் பூட்டினாள். பூட்டிய கிழமையே வழி எழும்பத் தொடங்கிவிட்டது.

பாதை கேட்டு வந்தவர்களை அவள் திருப்பி அனுப்ப அனுப்ப அது மேலே போனது. இடுப்பளவு வந்தபோது இராணுவத்தினர் குனிந்து அடியில் பார்த்தார்கள்; அங்கே கோழிகளும் புருஷன் கதிர்காமத்தம்பி அடுக்கிய விறகும்தான் இருந்தன. போர் முடிந்த வருடம் அது ஆள் உயரத்தைத் தாண்டியது. மட்டக்களப்பில் இப்படியொரு சொத்து யாரிடம் இருக்கிறது என்று அன்னப்பூரணி நிமிர்ந்து பார்த்தாள். அதைப் பார்க்க நிமிரத்தான் வேண்டும்.

அந்த வருடமே தனுஷியாவைப் பெண் பார்க்கச் சித்தாண்டியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அண்ணாந்து பார்த்தாள்.

"சீதனம் நல்லாத்தான் இருக்கு. இதுல எப்பிடிகா ஏறுற?"

"ஏணி தாறன்."

"எண்ட மகன் தேங்காய் புடுங்கிறவன் இல்ல."

தேத்தண்ணியைத் தொடாமல் போய்விட்டார்கள். றூபெர்ட்டை மறுபடி கூப்பிட்டாள். அவர் ஏணியில் ஏறி அளந்துவிட்டு இறங்கினார். "விலை கூடித்தான் கிடக்கு அக்கா. வாங்கத்தான் ஆள் இல்ல."

அந்த நேரம் பார்த்துச் சாமித்தம்பி மீன்கூடையோடு வந்து நின்றான். வாவிக்கரையில் இருப்பவன், சதுப்பைச் சுற்றித் தெருவுக்கு வருவதற்குள் அவனுடைய மீன் பாதி நாறிவிடும். "அக்கா, இந்த வருசமும் பாதை கேக்கன்."

"ஏறிப் போ! உனக்கு எழுதியே தாறன்!" என்று கத்தினாள்.

அவன் ஏறி நடந்தான். படலையை எட்டுவதற்குள் வழி ஒரு முழம் தாழ்ந்திருந்தது. அன்னப்பூரணி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வாவிக்கரை வீடுகளுக்கெல்லாம் ஆள் விட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் கையெழுத்து வைக்க வைக்க அது இறங்கி, கடைசி வீட்டோடு தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"மச்சானுக்கும் எழுதினாத் தரையத் தொட்டிரும் அக்கா," என்றான் சாமித்தம்பி, கதிர்காமத்தம்பியைக் காட்டி.

"இவருக்கு எதுக்கு? ஏறுறவன் காலத் தூக்கோணும். அந்தச் சாண் எண்ட."

"ஓம், ஒரு சாண் காணும்," என்றான் கதிர்காமத்தம்பி. "விறகு நனையாது."

றூபெர்ட் மூன்றாம் முறை வந்து, விலை பாதியாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார். அன்னப்பூரணி அதை வாசிக்கவில்லை. சித்தாண்டிக்காரி சேலையைப் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி வைத்துத்தான் மகனின் கல்யாணத்துக்கு வந்தாள். இப்போது எவரும் குனிந்து பார்ப்பதில்லை. அந்த இடம் வந்தால் ஆரையம்பதி மாடுகளும் காலைத் தூக்கித்தான் வைக்கின்றன.